வெள்ளி மாலைச் சைரன்: யூதர்களின் புனித நாள் தொடங்குவதை ஊருக்குச் சொல்லும் ஒலி

நியூயார்க்கில் ப்ரூக்ளினில் யூதர்கள் பெருமளவில் வாழும் பரோ பார்க் பகுதிக்கு அண்மையில் குடிபோன ஒருவர், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளையில் போர்க்காலத்து அபாயச் சங்கு போன்ற ஒலியைக் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறார். அது எதற்காக ஒலிக்கிறது, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் அதற்கு என்ன தேவை, வெள்ளியல்லாத சில நாட்களிலும் ஒலிக்கிறதே அது ஏன் என்று அவர் கேட்டிருக்கிறார். மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத்து வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்போது முடிகிறது. அந்த நாளில் முப்பத்தொன்பது வகை வேலைகள் விலக்கப்பட்டவை என்று கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூல் வகுத்துள்ளது. உழுதல், விதைத்தல், நெய்தல், எழுதுதல், கட்டுதல் என நீளும் அந்தப் பட்டியலில் நெருப்பு மூட்டுவதும் அணைப்பதும் அடக்கம். 'உங்கள் வாசஸ்தலங்களில் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டாதிருங்கள்' என்ற பொருளில் பைபிளின் யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளையே இதன் அடிப்படை. இன்றைய வாழ்க்கையில் விளக்குச் சுவிட்சைத் தட்டுவது, அடுப்பைப் பற்றவைப்பது, காரை ஓட்டுவது, தொலைபேசியில் பேசுவது ஆகிய எல்லாவற்றையும் ஆசாரமான யூதர்கள் இதற்குள் கொண்டுவருகிறார்கள். ஆகவே ஓய்வுநாள் பிறந்தபின் 'இன்னும் இரண்டு நிமிடம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் ஏற்றப்படும் ஓய்வுநாள் விளக்கு கூட சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றப்பட்டாக வேண்டும். மறைந்தபின் ஏற்றினால், நாளைச் சிறப்பிக்க வேண்டிய செயலே அந்த நாளை மீறும் செயலாகிவிடும். சைரன் அந்த விளக்கேற்றும் நேரத்தைத்தான் அறிவிக்கிறது.

உலகின் பெரும்பாலான யூதச் சமூகங்களில் விளக்கேற்றும் நேரம் சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன் என்று வழக்கமாகியிருக்கிறது. ஜெருசலேமில் 40 நிமிடங்கள், ஹைஃபாவில் 30 நிமிடங்கள். ஜெருசலேமின் 40 நிமிட வழக்கத்துக்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. மலைகள் சூழ்ந்த ஊர் என்பதால் சூரியன் மறையும் கணம் எது என்று உறுதியாகத் தெரியாது, எனவே முன்கூட்டியே நிறுத்திக்கொள்வது நல்லது என்பது அவற்றில் ஒன்று. நில அமைப்புக்கும் ஓய்வுநாளுக்கும் உள்ள இந்தத் தொடர்பு பழமையானது. 'திபேரியாவில் ஓய்வுநாளை வரவேற்பவர்களோடும், செப்போரிசில் அதை வழியனுப்புபவர்களோடும் என் பங்கு இருக்கட்டும்' என்று ரபி (யூத மத ஆசான்) யோசே வேண்டிக்கொண்டதாக, மிஷ்னாவையும் அதன் மீதான விவாதங்களையும் கொண்ட தல்மூது என்னும் பழைய நூலில் ஒரு குறிப்பு உண்டு. திபேரியா பள்ளத்தில் இருக்கிறது; அங்கே சீக்கிரம் இருட்டும், ஓய்வுநாளும் சீக்கிரம் தொடங்கும். செப்போரிஸ் குன்றின் மேல் இருப்பதால் அங்கே வெளிச்சம் நெடுநேரம் நிற்கும், ஓய்வுநாளும் தாமதமாகவே முடியும். புனிதமான நேரத்தை இரு முனைகளிலும் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும் என்ற அந்த ஆசையே பின்னர் 18 நிமிடமாகவும் 40 நிமிடமாகவும் நாட்காட்டிகளில் அச்சாகியிருக்கிறது.

சைரனின் வேர் தல்மூதின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. சப்பாத்து என்றே பெயர் கொண்ட ஏட்டின் 35ஆம் தாளில், வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஊரில் ஆறு முறை கொம்பு ஊதப்பட்ட விதம் படிப்படியாக விவரிக்கப்பட்டுள்ளது. முதல் ஊதல் வயலில் இருப்பவர்களுக்கு. அதைக் கேட்டதும் மண்வெட்டியையும் ஏரையும் நிறுத்திவிட வேண்டும். அப்போதும் ஊருக்குள் கடைகள் திறந்தே இருக்கும், சரக்குப் பலகைகள் விரித்தபடியே கிடக்கும். இரண்டாம் ஊதலில் பலகைகள் எடுக்கப்பட்டுக் கடைகள் அடைபடும். ஆனால் வீடுகளில் வெந்நீரும் சட்டிகளும் அடுப்பின் மேலேயே இருக்கும். மூன்றாம் ஊதலில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டியதை இறக்குவார்கள், சூடு தணியாமல் பொதிந்துவைக்க வேண்டியதைப் பொதிவார்கள், விளக்கேற்ற வேண்டியவர்கள் ஏற்றுவார்கள். அதன்பின் ஊதுபவர் ஒரு சிறிய மீனைச் சுடும் நேரம், அல்லது ஒரு ரொட்டியை அடுப்புச் சுவரில் ஒட்டும் நேரம் காத்திருந்து, நீளமாக ஒன்று, நடுக்கத்தோடு ஒன்று, மீண்டும் நீளமாக ஒன்று என மூன்று முறை ஊதி, தானும் ஓய்ந்துவிடுவார்.

இந்த விவரிப்பின் நடுவே வரும் ஒரு வரியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முதல் ஊதலைக் கேட்டதும், ஊருக்கு அருகிலுள்ள வயல்களில் இருப்பவர்கள் உடனே ஊருக்குள் நுழைந்துவிடக் கூடாது. தொலைவில் இருப்பவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, எல்லாரும் ஒன்றாக நுழைய வேண்டும். ஏன் இந்த விதி என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். அருகிலிருப்பவர் முன்னதாகவும் தொலைவிலிருப்பவர் பின்னதாகவும் வந்தால், பின்னால் வருபவர் கொம்பு ஊதிய பிறகும் வேலை செய்துகொண்டிருந்தார் என்று ஊரார் தவறாக எண்ணக்கூடும். கொம்பொலி ஒரு மனிதருக்கு மணி என்ன என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே எல்லையை ஒரே கணத்தில் அது வகுத்துக் கொடுத்தது. தனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது தனக்கும் தெரியும் என்ற நிலையை அது உண்டாக்கியது. கைப்பேசி வந்தபின்னும் சைரன் ஏன் என்ற கேள்விக்கு என் விடை இதுதான். கைப்பேசி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேரத்தைச் சொல்கிறது, தெருவுக்குச் சொல்வதில்லை. கடையைச் சாத்தத் தயங்கும் ஒருவர், எதிர்க்கடைக்காரரும் இதே ஒலியைக் கேட்டுவிட்டார் என்று அறிந்தால் தயக்கம் விட்டுச் சாத்துவார்.

அதே பக்கத்தில் இன்னொரு சுவையான விவாதமும் உண்டு. ஆறாவது முறை ஊதியபின் ஊதுபவர் அந்தக் கொம்பை என்ன செய்வார்? ஓய்வுநாளில் அதைக் கையால் எடுக்கக்கூட அனுமதியில்லை. ரபி யோசே பர் ஹனீனா என்பவர், கொம்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அளவுக்கு ஊதுபவருக்கு நேரம் கொடுத்திருப்பார்கள், எனவே ஆறு ஊதல்களுக்குப் பிறகு விளக்கேற்ற வந்தவரும் ஏற்றலாம் என்று தாம் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். மற்ற அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் ஊதுபவரின் வீடு எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்து ஊருக்கே எல்லை மாறிவிடுமே என்று மறுத்து, ஊதுபவருக்கு அவருடைய கூரையின் மேலேயே ஒரு மறைவிடம் உண்டு, கொம்பை அங்கேயே வைத்துவிடுவார் என்று முடிக்கிறார்கள். அறிவிப்பவரும் அறிவிப்புக்குக் கட்டுப்பட்டவரே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இன்று சில இடங்களில் கூரை மேல் பொருத்திய ஒலிபெருக்கியும், முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த தானியங்கிக் கருவியும் அந்த மறைவிடத்தின் வேலையைச் செய்கின்றன. மனிதக் கை படாமல் தானே ஒலித்துத் தானே அடங்குவதால், யாரும் ஓய்வுநாளை மீற நேர்வதில்லை.

இது வெறும் ஏட்டு வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கல்லிலும் சான்று இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், ஜெருசலேம் ஆலயத்தின் ஒரு மூலையில் குரு ஒருவர் நின்று, ஒவ்வொரு ஏழாம் நாளும் நெருங்குவதை மாலையில் எக்காளம் ஊதி அறிவிப்பார் என்றும், மறுநாள் மாலை அது முடிவதையும் அவ்வாறே அறிவிப்பார் என்றும் எழுதியிருக்கிறார். 1968இல் தொல்லியல் அறிஞர் பெஞ்சமின் மசார் ஆலய மலையின் தென்மேற்கு மூலைக்குக் கீழே அகழ்ந்தபோது, மேலிருந்து விழுந்து கிடந்த ஒரு கல்லில் எபிரேய எழுத்துகள் கிடைத்தன. 'ஊதும் இடத்துக்கு' என்று தொடங்கும் அந்த வாசகம் பாதியிலேயே உடைந்துபோயிருக்கிறது. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்தபோது அந்தக் கல் கீழே விழுந்தது என்று கொள்கிறார்கள். இப்போது அது ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலய மலையின் உயரமான மூலையில், கடைவீதிக்கு நேர் மேலே ஊதுபவரை நிறுத்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒலி யாரை எட்ட வேண்டும் என்பதை அறிந்தே இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் இந்த ஆறு ஊதல்களை விவரிக்கும்போதும், உயரமான இடத்திலிருந்து ஊத வேண்டும் என்று குறிப்பிடுகிறார். பின்னர், யூதர்கள் பிறருடைய நகரங்களில் சிறுபான்மையினராக வாழ்ந்த நாடுகளில் ஒலி தாழ்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசஸ் இஸர்லெஸ், கொம்பு ஊதும் வழக்கம் இல்லாத ஊர்களில் ஓய்வுநாளுக்கு ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ முன்னதாகச் சபையின் பணியாளர் அறிவிப்புச் செய்கிறார், அதுவே ஊதலுக்கு ஈடானது என்று எழுதிவைத்தார். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் அந்தப் பணியாளர் தெருத்தெருவாகப் போய் மரச்சுத்தியால் கதவுகளைத் தட்டுவார். ஊரார் அதைக் கேட்டுக் கடையடைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் மின்சாரச் சைரன் வந்தபோது, வேறொரு காரியத்துக்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியைச் சமூகங்கள் தயக்கமின்றி எடுத்துக்கொண்டன. ஒரே ஒரு கருவியால் பல தெருக்களை எட்ட முடிந்தது என்பதே அதற்குக் காரணம்.

சைரன் ஒலித்தபின் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் அந்த நிமிடங்களின் மதிப்பு புரியும். மறுநாள் மதியத்துக்கான பயறும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சோலண்ட் என்னும் உணவு ஏற்கெனவே வெந்து, மூடிய வெப்பத்தட்டின் மேல் ஏறியிருக்கும். சனி மதியம்வரை அது அங்கேயே சூடாக இருக்கும். வெந்நீர்க் கலம் நிரப்பப்பட்டிருக்கும். எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்று அறை அறையாகப் பார்ப்பார்கள். குளிர்பெட்டியைத் திறக்கும்போது உள்ளே எரியும் சிறு விளக்கையும் மறக்காமல் துண்டித்து வைப்பார்கள். மறந்துவிட்டால் மறுநாள் முழுவதும் அந்தக் கதவைத் திறப்பதே சிக்கலாகிவிடும். கைப்பேசி அணைக்கப்பட்டு இழுப்பறைக்குள் போகும். பிறகு வீட்டுப் பெண்மணி விளக்குகளை ஏற்றி, கைகளால் கண்களை மூடி ஆசி மொழியைச் சொல்வார். வழக்கமாக அந்தக் கணத்திலிருந்து அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது. வீட்டின் மற்றவர்கள் சூரியன் மறையும்வரை ஒரு சில வேலைகளைச் செய்ய இடமுண்டு, இருந்தாலும் பலர் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புவதில்லை. சுருக்கமாகச் சொன்னால், சைரன் ஒலித்த நொடியிலேயே தடை விழுந்துவிடுவதில்லை. தடை விழுவதற்கு முன் மிச்சமிருக்கும் சிறிது நேரத்தை அது சுட்டிக்காட்டுகிறது. பழைய காலத்தில் ஒரு சிறிய மீனைச் சுடும் நேரம் என்றார்களே, அதே இடைவெளிதான்.

வெள்ளியல்லாத நாட்களில் ஏன் ஒலிக்கிறது என்பது அடுத்த கேள்வி. வேலை விலக்கப்பட்ட பண்டிகை நாட்களின் முந்தைய மாலையிலும் பல இடங்களில் சைரன் ஒலிக்கிறது. ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு, பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையான சுக்கோத்தின் தொடக்கமும் அதன் இறுதிப் பண்டிகையும், பாஸ்காவின் முதல் நாளும் ஏழாம் நாளும், பெந்தெகொஸ்தே எனத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அறிந்த ஷவுவோத் ஆகியவை அந்த நாட்கள். ஹனுக்கா, பூரிம் ஆகிய பண்டிகைகளுக்கு ஒலிக்க வேண்டிய காரணமில்லை. கொண்டாட்டம் பெரிதாயினும் அந்த நாட்களில் வேலைக்கு அத்தகைய தடை இல்லை. சாதாரணப் பண்டிகை நாளில் உணவுக்காகச் சமைக்கலாம், ஏற்கெனவே எரியும் நெருப்பிலிருந்து வேறொன்றைப் பற்றவைக்கலாம் என்பதால் அந்த மாலைகளில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. யோம் கிப்பூர் மட்டும் வேறு. ஓய்வுநாளின் எல்லாத் தடைகளும் அதற்கு உண்டு, மேலும் ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் இல்லாத நோன்பும் அதனுடன் சேர்கிறது. நோன்புக்கு முந்தைய உணவைச் சூரியன் மறைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால், ஆண்டிலேயே மிகக் கவனமாகச் செவிமடுக்கப்படும் சைரன் அன்றைய சைரன்தான்.

பண்டிகையும் ஓய்வுநாளும் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கும் மிஷ்னாவில் விதி இருக்கிறது. பண்டிகை வெள்ளியன்று வந்தால் அன்று மாலை ஓய்வுநாளுக்காகக் கொம்பு ஊத வேண்டும். பண்டிகை ஞாயிறன்று வந்தால், அதாவது ஓய்வுநாள் முடிந்த கையோடு தொடங்கினால், கொம்பு ஊதுவதில்லை. புனிதம் குறைந்த நாளிலிருந்து கூடிய நாளுக்கு ஏறும்போது எச்சரிக்கை தேவை, இறங்கும்போது தேவையில்லை. இந்த ஒரு விதியை வைத்தே அந்த ஒலியின் நோக்கத்தை முழுமையாக விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஓய்வுநாள் முடியும்போது இன்று பொதுவாகச் சைரன் கேட்பதில்லை என்பதும் இதனோடு பொருந்துகிறது. முடியும் நேரத்தைக் கணக்கிடுவதில் பலவேறு மரபுகள் உண்டு; சூரியன் மறைந்து 72 நிமிடம் கழித்தே முடிந்ததாகக் கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. சற்றுத் தாமதமாக முடித்துக்கொள்வதால் யாருக்கும் குற்றமில்லை, ஆகவே ஊர் முழுவதையும் ஒரே கணத்தில் விடுவிக்க வேண்டிய அவசரமும் இல்லை.

அந்த ஒலியைக் கேட்டுப் பரோ பார்க்கில் குடியேறியவர் திடுக்கிட்டது முற்றிலும் இயல்பானது. இஸ்ரேலில் இதற்கென்றே காது பழகியிருக்கிறது. ஏவுகணை எச்சரிக்கை ஏறி இறங்கி ஒலிக்கும். ஓய்வுநாள் சைரன் ஏற்ற இறக்கமின்றி ஒரே சுதியில் ஒலிக்கும். நாஜிப் படுகொலையில் இறந்தோரையும் போர்களில் வீழ்ந்தோரையும் நினைவுகூரும் நாட்களிலும் அதே சீரான ஒலிதான். அப்போது நெடுஞ்சாலையில் கார்களை நிறுத்தி மக்கள் இறங்கி நிற்பார்கள். 1973 அக்டோபர் 6ஆம் தேதி, யோம் கிப்பூர் அன்று பிற்பகல் இரண்டு மணியளவில் சைரன் ஒலித்தபோது, வானொலியும் நின்று தெருக்களில் வண்டியே இல்லாதிருந்த நாட்டில் அது போர் தொடங்கிவிட்டதன் செய்தியாக இருந்தது. அந்தத் தலைமுறைக்குச் சைரன் எளிய ஒலியாக ஒருபோதும் இருக்க முடியாது. போர்க்காலங்களில் பல ஊர்கள் வெள்ளி மாலைச் சைரனை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் ஓய்வுநாள் பாடலை ஒலிபரப்புவதும் இதனால்தான். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். கொம்பும் குரலும் மரச்சுத்தியும் செய்த வேலையைப் பாட்டும் செய்யும். குழந்தைகள் பாதுகாப்பு அறைக்கு ஓடவும் வேண்டியிருக்காது.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். ஜெருசலேமில் ஓய்வுநாள் சைரனும், தேவாலய மணியும், மசூதியின் பாங்கொலியும், ரமலானில் நோன்பு திறக்கும் பீரங்கி வெடியும் ஒரே வானத்தின் கீழ் ஒலிக்கின்றன. 2016இல் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில், வழிபாட்டிடங்களின் ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று முன்வைக்கப்பட்டது. மசூதிகளைக் குறிவைத்தே அது வந்தது என்று அரபு உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே சட்டம் ஓய்வுநாள் சைரனையும் தடுத்துவிடும் என்று ஆசார யூதக் கட்சியைச் சேர்ந்த சுகாதார அமைச்சர் யாக்கோவ் லிட்ஸ்மான் மேல்முறையீடு செய்தார். அதன்பின் இரவு 11 முதல் காலை 7 வரை மட்டுமே தடை என்று ஒரு வடிவம் திருத்தப்பட்டது. அந்த நேரத்துக்குள் ஓய்வுநாள் சைரன் வராது, விடியற்காலைப் பாங்கொலி வந்துவிடும். 2017 மார்ச்சில் முதற்கட்ட வாக்கெடுப்பில் தேறினாலும் அது சட்டமாகவில்லை. ஆகாததே நல்லது என்பது என் கருத்து. தன் ஒலி புனிதம், அடுத்தவர் ஒலி இரைச்சல் என்று ஒரு சட்டம் சொல்லத் தொடங்கினால் இரண்டுமே மதிப்பிழக்கும்.

இனி, பரோ பார்க்கில் குடியேறியவருக்கு நடைமுறையில் உதவக்கூடிய சில செய்திகள். சைரன் சூரியனைப் பின்தொடர்வதால் அதன் நேரம் வாரந்தோறும் நகரும். நியூயார்க்கில் டிசம்பர் தொடக்கத்தில் விளக்கேற்றும் நேரம் மாலை 4.10 அளவில் வரும். ஜூன் கடைசியில் 8.13 அளவுக்குப் போகும். பகுதிக்குப் பகுதி வழக்கம் வேறுபடும். விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன் ஒரு முறையும் அந்த நேரத்தில் ஒரு முறையும் ஒலிக்கும் இடங்கள் உண்டு. பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் யூத நாட்காட்டியில் அந்த ஆண்டின் எல்லா வெள்ளிகளுக்கும் பண்டிகை மாலைகளுக்கும் விளக்கேற்றும் நேரம் அச்சிட்டிருக்கும். அதை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டால் ஒலி எதிர்பாராமல் வராது. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்து ஒலி தாங்க முடியாததாக இருந்தால், முதலில் அருகிலுள்ள தொழுகைக்கூடத்தில், வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து வேறொரு நாளில், நேரில் போய்ப் பேசுவது நல்லது. ஒலிபெருக்கியின் திசையைத் திருப்புவதும் அளவைக் குறைப்பதும் கடினமான காரியங்கள் அல்ல. அதற்கும் பயனில்லையென்றால் நகர நிர்வாகத்தின் 311 எண்ணில் இரைச்சல் பற்றி முறையிட அவருக்கு முழு உரிமை உண்டு.